அடியெடுத்துக் கொடுத்தலும் அடியை எடுத்தலும்: உருதுக் கவியவைகளில் எதிர்வினை மொழி

0. முன்னுரை

கவிதை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடியவரையும் பாடலையும் பற்றியனவாகவே அமைகின்றன. பாடலைக் கேட்ட மற்றொரு கவிஞர் அவ்விடத்திலேயே என்ன சொன்னார், எச்சொல்லால் சொன்னார், பாடலின் எந்த இடத்தில் குறுக்கிட்டுச் சொன்னார் என்பன ஆய்வுப் பொருளாவது அரிது. அச்சிட்ட நூலில் இவற்றிற்கு இடமில்லை என்பதே இதற்கு முதற் காரணம். ஆயினும் கவிதையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் ஒன்றுகூடித் தம் படைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் அவைகளில், பாடலுக்கு நிகரான பங்கு இவ்வெதிர்வினைக்கு உண்டு. எதிர்வினை இல்லையெனில் அவையும் இல்லை.

இந்திய மொழிகளுள் இத்தகைய பகிர்வை நெடுங்காலமாகவும் விரிவான நெறிமுறைகளுடனும் வளர்த்துவந்த மொழி உருது. முஷாயிரா என்னும் பேரவையும் நஷிஸ்த் என்னும் சிற்றவையும் அதன் இருவேறு வடிவங்கள். இவ்வவைகளில் வழங்கும் எதிர்வினை மொழியின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகின்றது. பாராட்டு அவையிலும் திருத்தம் அவைக்குப் புறத்திலுமாக எதிர்வினை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதும், கேட்போர் பங்கேற்பதற்கான இடம் கஸலின் யாப்பிலேயே ஒதுக்கப்பட்டிருப்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. கஸலைத் தமிழாக்குவோர் இவ்விடத்தை எவ்வாறு இழக்கின்றனர் என்பதும் ஆராயப்படுகின்றது.

1. அவையின் அமைப்பு

நஷிஸ்த் என்னும் பாரசீகச் சொல்லுக்கு அமர்தல், அமர்வு என்பன பொருள். ஒரு வீட்டின் கூடத்திலோ நூலக அறையிலோ பத்துப் பதினைந்து பேர் கூடும் அமர்வு இது. ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர், மருத்துவர் எனப் பல தொழிலினரும் இதில் கலந்துகொள்வர். கேட்போருள் பெரும்பாலோர் தாமும் பாடுவோராகவே இருப்பர் என்பது இதன் தனித்தன்மை. முஷாயிராவில் பாடுவோர் சிலர், கேட்போர் பலர். நஷிஸ்தில் இவ்விரு பிரிவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன.

இவ்வழக்கு பழமையானது. மீர் தகீ மீர் (1723-1810) 1752-இல் பாரசீக மொழியில் எழுதிய 'நிகாத்-உஷ்-ஷுஅரா' என்னும் கவிஞர் வரலாற்று நூலில், ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் நாளன்று தம் இல்லத்தில் நிகழ்ந்த ரேக்தாக் கவியவை பற்றிக் குறிப்பிடுகின்றார். முன்னர் குவாஜா மீர் தர்தின் (1721-1785) இல்லத்தில் நடைபெற்றுவந்த அவை அது. ரேக்தா என்பது உருதுவின் பழம்பெயர்களுள் ஒன்று. பாரசீகக் கவியவையினின்றும் வேறுபடுத்துவதற்காக இவ்வவையை முராக்தா எனவும் வழங்கினர். மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த இல்லத்தில் கூடுதல் என்னும் இம்முறை இன்றைய நஷிஸ்துகளிலும் தொடர்கின்றது.

பாடும் வரிசையும் நெறிப்பட்டது. இளையோர் முதலிலும் மூத்தோர் இறுதியிலும் பாடுவர். பழைய தில்லி அவைகளில் பாடவேண்டியவர் முன் விளக்கினை நகர்த்தி வைப்பதே அழைப்பாக அமைந்தது. மிர்ஸா ஃபர்ஹதுல்லாஹ் பேக் எழுதிய 'தில்லியின் இறுதி விளக்கு' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் இக்காட்சியைக் கற்பனை கலந்து வரைந்துகாட்டுகின்றது. இன்று விளக்கின் இடத்தை நிகழ்ச்சி நடத்துநரின் அறிமுகவுரை பெற்றுள்ளது. வரிசை மட்டும் மாறவில்லை. தொடக்கநிலையாளர் முதலிற் பாடிவிட்டு எஞ்சிய நேரமெல்லாம் தம்மினும் தேர்ந்தோரைக் கேட்கும் வாய்ப்பினைப் பெறுவதால், இவ்வரிசை மதிப்பின் அடையாளமாக இருப்பதோடு கற்பித்தல் முறையாகவும் அமைகின்றது.

தமிழகத்திற்கும் இம்மரபுடன் நேரடித் தொடர்பு உண்டு. ஆர்க்காட்டு நவாப் குலாம் கௌஸ் கான் 1840-களில் சென்னையில் பாரசீகக் கவியவை ஒன்றினை நிறுவினார். ஆஸம் என்னும் புனைபெயரில் கவிதை எழுதிய அவர், 'குல்ஸார்-ஏ-ஆஸம்' என்னும் கவிஞர் வரலாற்று நூலையும் இயற்றினார். வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களில் உருது முஷாயிராக்கள் இக்காலத்தும் நிகழ்கின்றன.

2. கஸலின் அமைப்பும் கேட்போரின் இடமும்

கஸலின் அடிப்படை அலகு ஷேர் எனப்படும் ஈரடிச் செய்யுள். ஒவ்வொரு ஷேரும் பொருளால் தனித்து நிற்க வல்லது. ஷேர்களை ஒன்றிணைப்பவை மூன்று: பஹர் எனப்படும் சந்தம், காஃபியா எனப்படும் ஒலியியைபு, ரதீஃப் எனப்படும் மாறாத இறுதிச்சொல் அல்லது தொடர். காஃபியா முன்னும் ரதீஃப் பின்னுமாக வரும். மத்லா எனப்படும் முதல் ஷேரின் ஈரடிகளிலும் இவை அமையவேண்டும். பின்வரும் ஷேர்களில் இரண்டாம் அடியில் மட்டும் அமைந்தாற் போதும். இம்மூன்றும் சேர்ந்த கட்டமைப்பை ஸமீன், அதாவது நிலம், என்பர். ஒரே நிலத்தில் பலர் பயிரிடலாம் என்னும் உருவகம் இப்பெயரில் அடங்கியுள்ளது.

விளக்கத்தின் பொருட்டுத் தமிழில் அமைத்த பின்வரும் எடுத்துக்காட்டினை நோக்கலாம்.

மூடிய அறைக்குள்ளே கொஞ்சம் காற்று வேண்டும்
முன்சொன்ன சொல்லுக்கும் ஒரு மாற்று வேண்டும்

அழித்தெழுதிய தாளில் எஞ்சிய மை சொல்கிறது
இன்றையைப் படிப்பதற்கும் நேற்று வேண்டும்

இதில் 'வேண்டும்' என்பது ரதீஃப். காற்று, மாற்று, நேற்று என்பன காஃபியா. முதல் ஷேரைக் கேட்ட அளவிலேயே அவையினர் இவ்விரண்டையும் அறிந்துகொள்கின்றனர். இரண்டாம் ஷேரின் முதலடியில் இயைபு இல்லை. அது எவ்வாறு முடியும் என்பது எவர்க்கும் தெரியாது. ஆனால் இரண்டாம் அடி 'வேண்டும்' என்றுதான் முடியும் என்பது எல்லார்க்கும் தெரியும். அதற்கு முன்னுள்ள சொல் '-ற்று' என முடியும் என்பதும் தெரியும். அச்சொல் எது என்பது மட்டுமே தெரியாதது. 'இன்றையைப் படிப்பதற்கும்' என்றவுடன், கேட்போருள் கூரியவர் 'நேற்று' என்பதைப் பாடுவோர் சொல்வதற்குச் சற்று முன்பாகவோ உடனாகவோ சொல்லிவிடுவார். ரதீஃபை அவை முழுவதும் சேர்ந்து சொல்லும்.

அன்றாட உரையாடலிலும் ஒருவர் பேசும்போதே அவரது கூற்று எங்கு முடியும் என்பதைக் கேட்போர் முன்னுணர்கின்றனர். பேச்சு முறைமாற்றம் பற்றி ஸாக்ஸ், ஷெக்லோஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உரையாடலின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்றாகக் கொள்கின்றது. உரையாடலில் தொடரமைப்பும் பொருளும் ஏற்ற இறக்கமும் தரும் முன்னுணர்வை, கஸலில் யாப்பு மேலும் கூர்மையாக்குகின்றது. கேட்போர் எங்கே நுழையலாம் என்பதை அசையளவில் அது வரையறுத்துக் கொடுக்கின்றது.

முதலடிக்கும் தனி முறை உண்டு. பாடுவோர் முதலடியைச் சொன்னதும் அவையினர் அதனைத் திரும்பச் சொல்வர். இதனை மிஸ்ரா உட்டானா, அதாவது அடியை எடுத்தல், என்பர். பின்னர்ப் பாடுவோர் அவ்வடியை மீண்டும் சொல்லி, சிறிது தாழ்த்து, இரண்டாம் அடிக்குச் செல்வார். இத்திரும்பச் சொல்லலுக்கு மூன்று பயன்கள் உண்டு. அடி பிழையின்றிச் செவிப்பட்டதைப் பாடுவோர்க்கு அது உறுதிப்படுத்துகின்றது. பின்வரிசையினர்க்கு அடியைக் கொண்டுசேர்க்கின்றது. இரண்டாம் அடியின் வருகையைத் தாழ்த்தி எதிர்பார்ப்பை வளர்க்கின்றது. சந்தம் தவறிய அடியை இவ்வாறு திரும்பச் சொல்வது கடினம். அவையினரின் நா இடறும் இடத்தில் தம் யாப்பு இடறியதைப் பாடியவர் உணர்ந்துகொள்வார். எவரும் குறை கூறாமலேயே குறை வெளிப்பட்டுவிடுகின்றது.

தரஹீ முஷாயிரா எனப்படும் அவைகளில் ஓர் அடி முன்கூட்டியே அறிவிக்கப்படும். மிஸ்ரா-ஏ-தரஹ் எனப்படும் அவ்வடியின் நிலத்திலேயே அனைவரும் கஸல் எழுதிவருவர். கொடுத்த அடிக்குத் தம் அடியொன்றை முடிந்து ஷேராக்குவதைக் கிரஹ் லகானா, அதாவது முடிச்சிடுதல், என்பர். வடமொழியின் சமஸ்யாபூர்த்தியும், ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச்சொல்லும் தமிழ் வழக்கும் இதனோடு ஒப்பிடத்தக்கன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவதான அவையில் ஒருவரே பலர் கொடுத்த அடிகளுக்கு விடை கூறுகின்றார். அங்கு வெளிப்படுவது ஒருவரது ஆற்றல். தரஹீ அவையில் பலர் ஓரடிக்கு விடை கூறுகின்றனர். அங்கு ஒப்பீடு இயல்பாகவே நிகழ்கின்றது. ஒரே காஃபியாவைத் தமக்கு முன் பாடியவர் எவ்வாறு கையாண்டார் என்பதையும், தாம் வீட்டில் அமர்ந்து அதனோடு எவ்வாறு போராடினோம் என்பதையும் ஒருங்கே அறிந்தவராகவே ஒவ்வொருவரும் கேட்கின்றார். ஆர்வலரைத் தேர்ந்த கேட்பாளராக்குவதில் இம்முறைக்கு நிகரானது வேறில்லை எனலாம்.

தமிழில் 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்னும் வழக்குத் தெய்வமோ ஆசிரியரோ புலவர்க்குத் தொடக்கம் தருவதைக் குறிக்கின்றது. உருது அவையில் அடி கொடுக்கப்படுவதும் உண்டு. பாடிய அடி அவையினரால் எடுக்கப்படுவதும் உண்டு. முன்னது படைப்பின் தொடக்கம். பின்னது ஏற்பின் தொடக்கம்.

3. எதிர்வினைச் சொற்களின் இலக்கணம்

அவையில் வழங்கும் சொற்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை, பயன்பாட்டில் நுட்பமானவை. பாடத் தொடங்குவோர் 'அர்ஸ் கியா ஹை' என்பார். அர்ஸ் என்பதற்கு விண்ணப்பம் என்பது பொருள். அவையினர் 'இர்ஷாத்' என்பர். வழிகாட்டுதல், கட்டளை என்பன அதன் பொருள். தம் கவிதையைச் சொல்வோர்க்கு அது விண்ணப்பம். கேட்போர்க்கு அதுவே கட்டளை. சொல்லுதல் என்னும் ஒரே செயலுக்குத் தன்மையில் தாழ்வுச்சொல்லும் பிறரிடத்தில் உயர்வுச்சொல்லும் வழங்கும் உருதுவின் மரியாதைச் சொல்லமைப்பு இவ்விணையில் தெளிவாகப் புலப்படுகின்றது. தமிழில் 'விண்ணப்பித்தல்', 'திருவாய் மலர்ந்தருளுதல்' ஆகிய வழக்குகள் இதனை ஒத்தன.

'அர்ஸ் கியா ஹை' என்னும் தொடரின் அமைப்பும் கருதத்தக்கது. உருதுவின் நிறைவுக் காலத்தில் செயப்படுபொருள் குன்றாவினை எழுவாயோடு இயைவதில்லை, செயப்படுபொருளோடு இயையும். ஆதலின் 'நான்' என்னும் பொருள்படும் சொல்லை விட்டுவிட்டால், பேசுவோரைக் காட்டும் உருபு எதுவும் தொடரில் எஞ்சாது. விண்ணப்பம் இருக்கும், விண்ணப்பித்தவர் மறைந்துவிடுவார். தமிழில் 'விண்ணப்பித்துள்ளேன்' என்னும்போது '-ஏன்' என்னும் விகுதி பேசுவோரை மீண்டும் கொணர்ந்து நிறுத்திவிடுகின்றது. அடக்கத்தை உணர்த்துவதற்கு உருதுவில் இலக்கணமே இடந்தருவதனையும், தமிழில் அதற்கு 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்பது போன்ற வேறொரு வடிவத்தை நாடவேண்டியிருப்பதனையும் மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளவேண்டும்.

தமிழ் மரபில் இவ்வடக்கம் நூலின் உள்ளேயே ஓர் உறுப்பாக இடம்பெற்றது. தொல்காப்பியச் செய்யுளியல் அவையடக்கியலைக் குறிப்பிடுகின்றது. காப்பியங்கள் அவையடக்கச் செய்யுள்களுடன் தொடங்குகின்றன. உருதுக் கஸலில் அவையடக்கம் கவிதைக்குள் இடம்பெறாமல், பாடுமுன் சொல்லும் வாய்பாட்டுச் சொற்களில் அமைந்துவிட்டது. எனவே கவிதை அச்சேறும்போது தமிழில் அவையடக்கம் எஞ்சுகின்றது, உருதுவில் மறைகின்றது.

பாராட்டுதலை உருதுவில் 'தாத் தேனா' என்பர். தாத் என்னும் பாரசீகச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். ஆகவே தாத் கொடுத்தலாவது உரியதை உரியவர்க்கு வழங்குதல். பாராட்டைக் கொடையாகவோ உபசாரமாகவோ கருதாமல் கடனாகக் கருதும் மனப்பாங்கு இச்சொல்லில் பதிந்துள்ளது. நல்ல ஷேரைக் கேட்டும் வாளாவிருத்தல் நீதி தவறுதலுக்கு ஒப்பாகும். அதனாலேயே தகாத ஷேருக்கு உரத்துப் பாராட்டுரைத்தலும் ஒருவகையில் நீதி தவறுதலாகின்றது.

'வாஹ்' என்பது வியப்பிடைச்சொல். இதன் பொருள் அகராதியில் அடங்குவதன்று. நீட்டம், அடுக்கு, ஒலிக்கும் இடம் ஆகியவற்றாலேயே வரையறுக்கப்படுகின்றது. முதலடியின் முடிவில் எழும் ஒற்றை 'வாஹ்' கவனத்தைக் காட்டும். இரண்டாம் அடியின் காஃபியா விழுந்தவுடன் எழும் அடுக்கே உண்மையான பாராட்டு. சற்றுத் தாழ்த்து, பிறர் ஓய்ந்தபின் எழும் 'வாஹ்' பெரும்பாலும் உபசாரமே. 'முகர்ரர்' என்பது மீண்டும் சொல்லுமாறு வேண்டுவது. மீண்டும் கேட்கத்தக்கது என மதிப்பதால் இது பாராட்டினும் மேலானது. பாடியவர் 'ஆதாப்' என்று கூறிக் கையை நெற்றியளவு உயர்த்தி ஏற்றுக்கொள்வார். அழைப்பு, இசைவு, அடி, எடுப்பு, முடிப்பு, பாராட்டு, ஏற்பு எனச் செல்லும் இவ்வரிசையை இணைக்கூற்றுகளின் தொடராகக் காணலாம்.

இவ்வரிசையில் கண்டனத்துக்கு இடமில்லை என்பது முதன்மையானது. குறைகூறுவதற்கென அவையில் ஒரு சொல்லும் நெறிப்படவில்லை. மௌனமே அதன் வடிவம். முதலடி எடுக்கப்படாமல் விழுவதும், காஃபியா விழுந்தபின் அவை அசையாதிருப்பதும் பாடியவர்க்குப் போதிய செய்தி. அடுத்த ஷேருக்கு விரைந்து செல்வதே அவர் செய்யக்கூடியது.

4. இஸ்லாஹ்: அவைக்குப் புறத்தே நிகழும் திருத்தம்

அவையில் குறை சொல்லப்படுவதில்லையெனில் கவிஞர் எங்ஙனம் கற்கின்றார்? இஸ்லாஹ் என்னும் நிறுவனமே இதற்கு விடை. சீர்செய்தல் என்னும் பொருளுடைய இவ்வரபுச் சொல், உஸ்தாத் எனப்படும் ஆசிரியர் ஷாகிர்த் எனப்படும் மாணவரின் கவிதையைத் திருத்திக் கொடுப்பதைக் குறிக்கும். அவைக்குச் செல்லுமுன் கவிதை ஆசிரியரிடம் செல்லவேண்டும் என்பது நெறி. ஆகவே அவையில் பெறும் பாராட்டில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. அவையில் நேரும் பிழைக்கும் அவர் ஒருவகையில் பொறுப்பாவார்.

திருத்தம் பலவகைப்படும். சொல்லொன்றை மாற்றுதல், சொற்களை முன்பின்னாக்குதல், ஓரடியையே புதிதாக எழுதுதல், ஷேரை முற்றிலும் அடித்துவிடுதல் என்பன அவை. நன்கமைந்த ஷேரின் அருகே 'ஸாத்' என்னும் எழுத்தை இட்டு ஒப்புதல் அளிப்பதும் உண்டு. காரணம் எழுதப்படலாம், எழுதப்படாமலும் போகலாம். எழுதப்படாதபோது, மாற்றத்தின் காரணத்தை மாணவரே உய்த்துணரவேண்டும். ஓரடியின் இரு வடிவங்களை அருகருகே வைத்து வேறுபாட்டினின்றும் விதியை வருவித்தலாகிய இப்பயிற்சி, ஒலியனியலில் குறுவேற்றுமை இணைகளைக் கொண்டு ஆராயும் முறையை நினைவூட்டுவது.

ஒரே கவிதைக்குப் பலர் செய்யும் திருத்தம் ஒத்திருக்குமா என்பது இயல்பாக எழும் வினா. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷௌக் சந்தீல்வி என்னும் கவிஞர் தம் கஸல்களைப் பல ஆசிரியர்களுக்குத் தனித்தனியே அனுப்பி, அவர்கள் செய்த திருத்தங்களை ஒருங்கே தொகுத்து 'இஸ்லாஹ்-ஏ-சுகன்' என்னும் நூலாக வெளியிட்டார். ஒருவர் தொடாமல் விட்ட அடியை மற்றொருவர் மாற்றியிருப்பதை அத்தொகுப்பிற் காணலாம். மொழியியலார் இன்று தகவலாளர்களின் ஏற்புநிலைத் தீர்ப்புகளைத் திரட்டுவதனோடு ஒப்பிடத்தக்க முயற்சி அது. பிழை என்பதில் ஆசிரியர்கள் பெரிதும் ஒன்றுபடக்கூடும். நயம் என்பதில் அத்தகைய ஒற்றுமையை எதிர்பார்த்தற்கில்லை.

எதிர்ப்பு எழுந்தால் அதற்கு விடை, சனத் எனப்படும் சான்று. குறித்த சொல்லையோ தொடரையோ முந்தைய ஆசிரியர் ஒருவர் அவ்வாறு ஆண்டுள்ளார் என்பதை அவரது அடியைக் காட்டி நிறுவவேண்டும். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்னும் தமிழ்க் கோட்பாட்டினோடு இது ஒத்துநிற்கின்றது.

5. குற்றங்களின் பெயர்கள்

இஸ்லாஹ் மரபு குற்றங்களுக்குத் துல்லியமான பெயர்களை வகுத்துள்ளது. மொழியியல் நோக்கில் இவற்றுள் சில ஆழ்ந்து கருதத்தக்கன.

அ) ஷுதுர் குர்பா. ஒட்டகமும் பூனையும் என்பது இதன் நேர்ப்பொருள். ஒரே ஷேரில் ஒருவரையே தூ, தும், ஆப் எனும் மூவகை முன்னிலைப் பெயர்களுள் இருவகையால் குறித்தல் இக்குற்றம். தமிழில் 'நீ' எனத் தொடங்கி '-ஈர்கள்' என முடித்தல் இதற்கு இணையானது. மூலத்தில் தூ என்பது காதலியையோ இறைவனையோ குறிக்கலாம். அந்நெருக்கத்தைத் தமிழாக்கத்தில் முதலிலிருந்து இறுதிவரை ஒரே நிலையிற் காக்கவேண்டும்.

ஆ) ஈதா. காஃபியாவில் வேர்ச்சொற்கள் இயையாமல் விகுதி மட்டுமே திரும்ப வருதல். தமிழில் 'வந்தான், போனான், இருந்தான்' என்பவற்றை இயைபாக அமைத்தால், ஒத்து வருவது '-ஆன்' என்னும் விகுதியே ஆகும். விகுதியை நீக்கிப் பகுதியின் ஒலியை ஆராய்ந்தாலன்றி இக்குற்றத்தைக் கண்டறிய இயலாது. உருபனியற் பகுப்பாய்வு, அதனை அப்பெயரால் அறியாத கவியார்வலர்களிடையே நாள்தோறும் நிகழ்ந்துவந்ததற்கு இது சான்று.

இ) ஹஷ்வ், தஅகீத். முன்னது சந்தத்தை நிரப்புவதற்காகப் பொருளற்ற சொற்களைப் புகுத்துதல். பின்னது சொன்முறை பிறழ்ந்து பொருள் மயங்குதல். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் இவற்றை ஒருபுடை ஒப்பன.

ஈ) தனாஃபுர். ஒரு சொல்லின் இறுதி மெய்யும் அடுத்த சொல்லின் முதல் மெய்யும் ஒன்றாகி ஒலிப்பு இடர்ப்படுதல். அடியை அவையினர் எடுத்துச் சொல்லவேண்டும் என்னும் தேவையோடு இக்குற்றத்தைச் சேர்த்து நோக்கினால் இதன் காரணம் விளங்கும். நாவுக்குத் தடையாவது அவைக்கும் தடையாகின்றது.

6. அஞ்சலும் அச்சும்

ஒரே ஊரில் வாழ்வோர் மட்டும் பங்குகொண்ட இம்மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஞ்சல் வழியே விரிவடைந்தது. தொலைவைக் கருதாத சீரான கடிதக் கட்டணம் 1854-இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. மிர்ஸா காலிப் (1797-1869) வெளியூர் மாணவர்களுக்கு எழுதிய கடிதங்களில் இஸ்லாஹ் இடையறாத பொருளாக விளங்குகின்றது. அம்மாணவர்களுள் ஹர்கோபால் தஃப்தா முதன்மையானவர். திருத்தத்தின் காரணத்தைக் கடிதத்தில் எழுதியே உணர்த்தவேண்டியிருந்ததால், நேரிற் கற்பிக்கும்போது காற்றோடு போயிருக்கக்கூடிய விளக்கங்கள் நமக்கு எஞ்சின. அக்கடிதங்கள் உருது உரைநடைக்கே முன்மாதிரியாயின.

அச்சுப் பரவியபின் குல்தஸ்தா, அதாவது பூங்கொத்து, எனப்பட்ட இதழ்கள் தோன்றின. இதழில் அடியொன்று அறிவிக்கப்படும். பல ஊர்க் கவியார்வலர்கள் அந்நிலத்தில் கஸல் எழுதி அனுப்புவர். அவை சேர்த்து அச்சிடப்படும். ஒருவரையொருவர் காணாதோர் ஒரே அடியின்கீழ் கூடினர். ஆனால் அடியை எடுப்பதற்கு அங்கே குரல் இல்லை. பகிர்வு பெருகியது, உடனடி எதிர்வினை இல்லாதொழிந்தது.

காசியில் பாரதேந்து ஹரிச்சந்திரர் (1850-1885) 1870-இல் நிறுவிய கவிதா வர்த்தினி சபையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ரஸா என்னும் புனைபெயரில் உருதுவிலும் எழுதிய அவரிடத்தில் இருமொழி அவை மரபுகளும் சந்தித்தன.

1874-இல் லாகூரில் அஞ்சுமன்-ஏ-பஞ்சாப் அமைப்பின் சார்பில் முஹம்மத் ஹுசைன் ஆஸாத் முதலியோர் நடத்திய முஷாயிராக்களில், அடிக்கு மாற்றாகப் பாடுபொருள் அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் முதலிய பொருள்கள் பற்றி நஸ்ம் எனப்படும் தொடர்கவிதைகள் பாடப்பட்டன, ஹாலியும் பங்கேற்றார். இம்மாற்றம் பொதுவாக இலக்கிய வரலாற்றில் புதுக்கவிதைப் போக்கின் தொடக்கமாகப் பேசப்படுகின்றது. எதிர்வினை மொழியின் நோக்கில் அதன் விளைவு வேறு. காஃபியாவையும் ரதீஃபையும் முன்னறிந்த அவை, பாடுபொருளை மட்டும் அறிந்த அவையாயிற்று. அடுத்து வரும் சொல்லை ஊகிக்கும் வாய்ப்பு அவ்வவைக்குக் குறைவு.

7. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

கஸலைத் தமிழாக்குவோர்க்கு ஒரு பெருவாய்ப்பும் ஒரு பெருந்தடையும் உண்டு. இரு மொழிகளும் வினையை இறுதியிற் கொண்டவை என்பது வாய்ப்பு. உருதுவின் ரதீஃப் பெரும்பாலும் துணைவினையாகவோ வினைத்தொடராகவோ எதிர்மறைச் சொல்லாகவோ அமைவது. வினை முன்னே வரும் மொழிகளில் அதனை அடியின் இறுதியில் நிறுத்துவது செயற்கையாகும். தமிழில் அது இயல்பு.

தடையாவது புணர்ச்சி. முன்னர்க் காட்டிய எடுத்துக்காட்டில் 'வேண்டும்' என்பதற்கு மாற்றாக 'இல்லை' என்பதை ரதீஃபாகக் கொண்டால் காற்றில்லை, மாற்றில்லை, நேற்றில்லை என்றாகும். குற்றியலுகரம் கெட்டு, நின்ற மெய்மேல் உயிர் ஏறிவிடுகின்றது. காஃபியாவின் இறுதியும் ரதீஃபின் முதலும் ஓரசையாகிவிடுவதால், இரண்டுக்கும் இடையே கேட்போர் நுழையும் மெல்லிய இடைவெளி அடைபட்டுவிடுகின்றது. உருதுவிலும் அடுத்து வரும் உயிரோடு மெய்யை இணைத்துச் சந்தம் கொள்ளும் முறை உண்டு. ஆயினும் அது கவிஞரின் விருப்பத்திற்குட்பட்டது. தமிழ்ச் செய்யுளில் புணர்ச்சியே பொதுவிதி. ஆகவே மெய்யெழுத்தில், குறிப்பாக ம, வ போன்ற புணர்ச்சியில் திரிபு விளைவிக்காத எழுத்துகளில், தொடங்கும் சொல்லை ரதீஃபாகத் தேர்வது பயன்தரும். வேண்டும், மட்டும், வரை, முன்னே போன்றன இதற்கு ஏற்றவை.

இதனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. தமிழ்ச் செவி மரபாகப் பழகியது அடியின் தொடக்கத்தில் அமையும் எதுகைக்கு. வெண்பாவின் முதற்சீரைக் கேட்டவர் அடுத்த அடி எவ்வெழுத்தை இரண்டாவதாகக் கொண்டு தொடங்கும் என்பதை எதிர்பார்க்கின்றார். உருதுக் கேட்போர் அடியின் முடிவை முன்னுணர்கின்றனர். தமிழ்க் கேட்போர் அடியின் தொடக்கத்தை முன்னுணர்கின்றனர். தமிழில் இறுதியியைபு உண்டெனினும், மரபுச் செய்யுளில் எதுகை மோனைகளின் அளவிற்கு அது ஆட்சி பெற்றதில்லை. தமிழில் கஸல் என்னும் பெயரில் எழுதப்பட்டவற்றுள் பல, காஃபியாவையும் ரதீஃபையும் விடுத்துக் கருத்தையும் உணர்வையும் மட்டும் ஏற்றுக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவற்றைக் கவிதைகளாக மதிப்பதற்குத் தடையில்லை. எனினும் அவற்றின் முன் அமர்ந்த அவை கேட்கும் அவையாகவே இருக்கும். அடியை எடுக்கும் அவையாக மாறுவது கடினம்.

எனவே மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா, 'இக்கவிதையின் பொருள் என்ன?' என்பதோடு முடிவதில்லை. 'இதில் கேட்போர்க்குரிய இடம் எது? தமிழில் அதனை எங்கே வைப்பது?' என்பதும் கேட்கப்படவேண்டும். இறுதியியைபைக் காப்பது ஒரு வழி. ரதீஃபை மட்டும் காத்துக் காஃபியாவின் பணியை எதுகைக்கு அளிப்பது மற்றொரு வழி. இரண்டுமே இயலாதவிடத்து, இழந்தது யாது என்பதை முன்னுரையிற் கூறுவது நேர்மையான வழி.

8. முடிவுரை

ஆர்வலரின் கவிதை பெரும்பாலும் எளியது. அதில் முன்னோரின் அடிகள் எதிரொலிக்கும். ஆனால் ஆர்வலர்களால் ஆன அவை ஒரு மொழியின் நுண்ணிய அறிவைத் தாங்கிநிற்பது. எந்தச் சொல் வழக்கிழந்தது, எந்த விகுதி இயைபாகாது, எந்த முன்னிலைப் பெயர் எவ்விடத்திற்கு உரியது என்பவற்றை அது எழுதப்படாத இலக்கணமாகக் கொண்டுள்ளது. பாராட்டை வெளிப்படையாகவும் திருத்தத்தைத் தனியேயும் வைத்த பகுப்பு, தொடக்கநிலையாளரின் மதிப்பையும் மொழியின் செப்பத்தையும் ஒருங்கே காத்தது.

இவ்வறிவு இன்று ஆவணப்படுத்தப்படவேண்டிய நிலையில் உள்ளது. பெருமேடை முஷாயிராக்களில் கைதட்டல், அடியை எடுத்தலின் இடத்தைப் பெற்றுவருகின்றது. கைதட்டல் கவிதை முடிந்தபின் எழுவது. அடியை எடுத்தல் கவிதை நிகழும்போதே எழுவது. உருதுவைக் கேட்டுப் புரிந்துகொள்வோருள் பலர் அதன் எழுத்தைப் படிக்க அறியாராதலின், செவிவழிப் பகிர்வின் இன்றியமையாமை மேலும் கூடுகின்றது. ஒலிப்பதிவுகள் பல கிடைப்பினும், அவற்றை எழுத்தில் வடிப்போர் கவிஞரின் அடிகளை மட்டும் எழுதி, அவையின் குரலை இரைச்சல் எனக் கருதி நீக்கிவிடுகின்றனர்.

நஷிஸ்துகளின் ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது எதிர்வினைச் சொற்களை அவை எழுந்த இடத்தோடும் நேரத்தோடும் குறித்தல், இஸ்லாஹ் செய்யப்பட்ட தாள்களின் இரு வடிவங்களையும் சேர்த்துப் பாதுகாத்தல், இந்திய மொழிகளின் பிற கவியவைகளில் வழங்கும் எதிர்வினைச் சொற்களைத் தொகுத்து ஒப்பிடல் ஆகிய மூன்றும் உடனடியாகத் தொடங்கத்தக்க பணிகள். தமிழில் ஈற்றடி வெண்பா வழக்கினையும் கவியரங்க வழக்கினையும் இந்நோக்கில் ஆராய்வது அவ்வொப்பீட்டிற்குப் பொருத்தமான தொடக்கமாக அமையும்.